ஆள் பாதி, ஆடை பாதி: கோட்டின் நீளமும் காற்சட்டையின் உயரமும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் மூத்தோர் வாக்கு. ஊரில் வாழ்ந்த காலத்தில் பெண் பார்க்கச் செல்லும்போதும் உத்தியோக நேர்முகத்துக்குச் செல்லும்போதும் மட்டுமே நினைவுக்கு வந்த இவ்வாக்கு, அமெரிக்க மண்ணிற் கால் வைத்த தமிழருக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றது. புகலிட நேர்காணல், குடிவரவு நீதிமன்றம், முதல் வேலைக்கான நேர்முகம், குடியுரிமைச் சத்தியப்பிரமாணம், பிள்ளையின் பட்டமளிப்பு, உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு என்று கோட்டும் காற்சட்டையும் அணிந்து அந்நியர் முன் நிற்க வேண்டிய வேளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவ்வேளைகளில் நம்மவர் அணியும் உடை விலை குறைந்ததாக இருப்பது ஒரு குறையன்று. அது வேறொருவருக்காக வெட்டப்பட்டதுபோலத் தோன்றுவதே குறை.

இக்குறை எங்கிருந்து பிறக்கின்றது? நிறத்தைப் பற்றியும் துணியைப் பற்றியும் ஆலோசனை கூறுவோர் பலர். ஆயின் ஆணின் உடலமைப்பை எடுத்துக்காட்டவும் கெடுத்துக்காட்டவும் வல்லவை பெரும்பாலும் இரண்டு அளவுகளே. ஒன்று, கோட்டின் நீளம். மற்றையது, காற்சட்டையின் கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப்பட்டையின் மேல்விளிம்பு வரையுள்ள உயரம். இதனை இங்குள்ள தையற்காரர் ‘றைஸ்’ என்பர்; நாம் கவட்டு உயரம் என்று கொள்வோம். கையின் நீளம், காலின் நீளம், இடையின் அகலம் ஆகியவற்றைப் பின்னர் தையற்காரர் திருத்திக் கொடுப்பார். மேற்சொன்ன இரண்டையும் வாங்கிய பின்னர் திருத்துவது அரிது. ஆகவே, கையிற் பணம் குறைந்தவர்களே இவ்விரண்டையும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

எண்ணின் கதை

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தையற்கடைக்குச் சென்றவர் தம் உடலைக் காட்டினார். தையற்காரர் அளவு நாடாவை எடுத்து, அவ்வுடலுக்கென்றே துணியை வெட்டினார். அமெரிக்கக் கடையில் இம்முறை தலைகீழாகின்றது. உடை முன்னரே தைக்கப்பட்டுத் தொங்குகின்றது. அதற்குள் நம் உடலைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பெருந்தொகையான படைவீரருக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. அவர்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறித்த மார்பளவுக்குக் குறித்த இடையளவு திரும்பத் திரும்ப வருவதை உற்பத்தியாளர் கண்டனர். போர் முடிந்தபின் அந்தக் கணக்கே ஆண்களுக்கான ஆயத்த உடையின் அளவுமுறைக்கு அடிகோலியது.

இன்று கோட்டிற் காணப்படும் 38, 40, 42 என்னும் எண்கள் மார்பின் சுற்றளவை அங்குலத்திற் குறிப்பன. அவற்றின் அருகே எஸ், ஆர், எல் என்று ஓர் எழுத்து இருக்கும். அவை முறையே குட்டை, சாதாரணம், நெடுமை என்பவற்றைக் குறிக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் 5 அடி 7 அங்குலம் வரை உயரமுள்ளவர்களுக்கு முதலாவதையும், 5 அடி 8 அங்குலத்திலிருந்து 5 அடி 11 அங்குலம் வரை இரண்டாவதையும், 6 அடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மூன்றாவதையும் ஒதுக்குகின்றன. அமெரிக்காவில் வளர்ந்த ஆணின் சராசரி உயரம் ஏறத்தாழ 5 அடி 9 அங்குலம். ஆகவே கடையில் நிறைந்து தொங்குவது ஆர் என்னும் சாதாரண அளவே. நம்மவரிற் பலர் 5 அடி 4 அங்குலத்துக்கும் 5 அடி 7 அங்குலத்துக்கும் இடைப்பட்டவர். ‘40 எஸ்’ தேட வேண்டியவர், கைக்கு அகப்பட்ட ‘40 ஆர்’ கோட்டை வாங்கி வருகின்றார். மார்பு பொருந்துகின்றது. ஆனால் கோட்டின் நீளம் ஓரங்குலமோ ஒன்றரை அங்குலமோ கூடிவிடுகின்றது. பொத்தானும் சட்டைப்பையும் அவ்வளவுக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. ‘குட்டை’ என்ற குறிப்பைக் கண்டு கூசுவோரும் உளர். அது கோட்டின் அளவைக் குறிப்பதன்றி, அணிபவரின் தகுதியைக் குறிப்பதன்று.

கோட்டும் காற்சட்டையும் ஒன்றாகச் சேர்த்து விற்கப்படும்போது இன்னொரு கணக்கும் மறைந்திருக்கின்றது. மார்பளவுக்கும் இடையளவுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக 6 அங்குலமாக வைக்கப்படுகின்றது. 40 அங்குலக் கோட்டுடன் 34 அங்குலக் காற்சட்டை வரும். நாற்பது வயதைக் கடந்து சற்றே வயிறு வைத்த ஒருவருக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர் இரண்டையும் தனித்தனியே விற்கும் கடையை நாடுதல் நன்று.

பாதி என்னும் கணக்கு

கோட்டின் சரியான நீளத்தை அறியத் தையற்காரரிடம் ஒரு பழைய முறை உண்டு. கழுத்தின் பின்புறத்தில் கொலர் தைக்கப்பட்டுள்ள இடத்திலிருந்து நிலம் வரை நாடாவை நேராகத் தொங்கவிட வேண்டும். வரும் எண்ணிற் பாதியே கோட்டின் பின்புற நீளம். உதாரணமாக, அவ்வெண் 57 அங்குலமாயின் கோட்டின் நீளம் 28½ அங்குலம். அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. ‘ஆடை பாதி’ என்ற நம்மவர் வாக்கு இங்கே சொல்லுக்குச் சொல் மெய்யாகின்றது.

கைகளைத் தொங்கவிட்டு, கோட்டின் விளிம்பு பெருவிரலின் மொளியோடு ஒத்திருக்கின்றதா என்று பார்ப்பது இன்னொரு முறை. 1987இல் வெளிவந்த ‘வோல் ஸ்ட்ரீற்’ திரைப்படத்தின் நாயகன் அணிந்த உடைகளை வடிவமைத்தவரான அலன் பிளஸர், 2002இல் வெளியிட்ட ‘டிரெசிங் த மான்’ என்னும் நூலில் இவ்விரு முறைகளையும் விளக்குகின்றார். கை நீண்டவருக்கும் கை குறுகியவருக்கும் விரல் கொண்டு அளப்பது பொய்த்துவிடும். பாதிக் கணக்கையே நம்புதல் தகும். எவ்வாறாயினும் கோட் பிருட்டத்தின் வளைவை மூடி முடிதல் வேண்டும்.

கோட் நீண்டால் கால்களை விழுங்கிவிடும். மூத்தவரின் உடையை எடுத்தணிந்த சிறுவன்போல் ஆள் தோன்றுவார். கோட் குறுகினால் தம் சிறுபிராயத்து உடைக்குள் புகுந்தவர்போல் தோன்றுவார். 1980களில் இத்தாலியரான ஆர்மானியின் செல்வாக்கினால் நீண்டு தளர்ந்த கோட்டுகள் பரவின. 2001இல் நியூயோர்க்கில் தொழில் தொடங்கிய தொம் பிறவுண் என்பவர், வேண்டுமென்றே குறுக்கிய கோட்டையும் உயர்த்திய காற்சட்டையையும் அறிமுகப்படுத்தினார். பின்னர் மலிவுக் கடைகளும் கோட்டின் நீளத்தைக் குறைத்தன. இன்று பாவித்த உடுப்புக் கடைக்குச் செல்பவர் இவ்விரு காலத்து உடைகளையும் ஒரே கம்பியிற் காண்பார். நாகரிகம் எதுவென்று கேட்பதை விடுத்து, தம் பாதி எதுவென்று அறிந்து செல்பவரே ஏமாறாதவர்.

வேட்டி கட்டிய இடம்

காற்சட்டையை உடலின் எவ்விடத்தில் நிறுத்துவது? இதற்கு விடை நம் தந்தையரிடமே இருந்தது. அவர்கள் வேட்டியையும் சாரத்தையும் தொப்புளை அண்டிய இடத்தில், விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உடல் ஒடுங்கும் இடத்திலே கட்டினர். துணி நழுவாது நிற்கும் இடம் அதுவே என்பதை அனுபவம் கற்பித்தது. நம் ஊரில் ‘லோங்ஸ்’ என்று வழங்கிய நீளக் காற்சட்டையையும் அக்காலத்து எழுதுவினைஞரும் ஆசிரியர்களும் அங்கேயே அணிந்தனர். பழைய குடும்பப் படங்களைப் பார்ப்பவர் இதனை இன்றும் காணலாம்.

அமெரிக்காவின் காற்சட்டைக் கதையும் இவ்வாறே தொடங்கியது. அதனைத் தொடக்கியவர்களும் குடியேறிகளே. பவேரியாவிலிருந்து வந்து சான்பிரான்சிஸ்கோவில் வணிகம் செய்த லீவை ஸ்ட்ராசும், றீகாவிலே பிறந்து நெவாடாவிலே தையற்காரராக இருந்த ஜேக்கப் டேவிசும், செப்பாணி அடித்த தொழிலாளர் காற்சட்டைக்கு 1873ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி காப்புரிமை பெற்றனர். அக்காற்சட்டைகள் தோள்வாரிலே தொங்கின. பெல்ற் கோக்கும் வளையங்கள் 1922இலேதான் அவற்றிற் சேர்க்கப்பட்டன. ரெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் 1926இல் காற்சட்டைத் தொழிலை ஆரம்பித்த ஹாகர், லெபனானில் பிறந்தவர். அமெரிக்கரின் இடுப்பை அளந்து உடுத்தியவர்களிற் பலர் கடல் கடந்து வந்தவர்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நல்லது.

1990களின் இறுதியிலிருந்து காற்சட்டை மெல்லக் கீழிறங்கி இடுப்பெலும்பில் அமர்ந்தது. கவட்டு உயரம் 11 அங்குலமாகவோ அதற்கு மேலாகவோ இருந்த இடத்தில் 9 அங்குலமும் அதற்குக் குறைவும் வந்தன. ஒல்லியான இளைஞர் சிலருக்கு அது ஒத்துப்போயிற்று. ஏனையோருக்கு மேலுடம்பு நீண்டு, கால்கள் குறுகியதுபோன்ற தோற்றத்தைத் தந்தது. அண்மைய ஆண்டுகளில் உயர்ந்த காற்சட்டை மீண்டும் கடைகளுக்கு வந்துள்ளது.

இரண்டும் சந்திக்கும் இடம்

கோட்டின் நீளமும் கவட்டு உயரமும் தனித்தனிக் காரியங்கள் அல்ல. பூட்டிய கோட்டின் பொத்தானும் காற்சட்டையின் இடுப்புப்பட்டையும் உடலின் நடுவே ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். கோட்டின் பொத்தான் தொப்புள் மட்டத்தில் இருக்க, காற்சட்டையோ அதற்கு மூன்று அங்குலம் கீழே கிடந்தால், இடையே சேட்டின் வெள்ளை ஒரு முக்கோணமாக வெளித்தெரியும். கழுத்துப்பட்டியின் நுனியும் அதனூடே எட்டிப்பார்க்கும். காண்பவரின் கண் முதலில் அங்கேயே செல்லும். குறுகிய கோட்டையும் தாழ்ந்த காற்சட்டையையும் ஒருசேர அணிபவருக்கு இத்துன்பம் இரட்டிக்கின்றது.

இதனை அமெரிக்கருக்கு விடாது எடுத்துரைத்து வருபவர்களுள் ஒருவர் டெரெக் கய். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பிரதேசத்தில் வாழும் இவ்வெழுத்தாளர், அரசியல்வாதிகளினதும் நடிகர்களினதும் படங்களை எடுத்துக்கொண்டு, கோட் எங்கே முடிகின்றது, காற்சட்டை எங்கே தொடங்குகின்றது என்று பொறுமையாக விளக்கிப் பெயர் பெற்றவர். அவர் 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தம்மைப் பற்றிய ஓர் உண்மையையும் பகிரங்கப்படுத்தினார். 1968இல் நடந்த ‘ரெற்’ தாக்குதலுக்குப் பின்னர் வியட்நாமை விட்டு வெளியேறிய குடும்பம் அவருடையது. கனடாவை அடைந்த அக்குடும்பம், அவரைக் கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குள் கொண்டுவந்தது. உரிய பத்திரங்கள் இன்றியே அவர் இந்நாட்டில் வளர்ந்தார். இதனை அறிந்து அவரை நாடு கடத்தவேண்டும் எனக் கூச்சலிட்டோரும் இருந்தனர். நாட்டின் பெரிய மனிதர்களுக்குக் கோட் அணியக் கற்பித்தவரிடம் அந்நாட்டின் பத்திரம் இல்லை! உடையின் இலக்கணம் எவருக்கும் பிறப்புரிமையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

உடல்வாகுக்கு ஏற்றவாறு

குட்டையான, ஒல்லியான உடலினர்: கோட்டின் நீளம் பாதிக் கணக்கைவிட அரை அங்குலம் குறையலாம், அதற்கு மேல் குறைத்தல் ஆகாது. குட்டையானவர் மிகக் குட்டைக் கோட் அணிந்தால் நெடிதாகத் தோன்றுவார் என்பது தவறான எண்ணம். பிருட்டம் வெளித்தெரிவதே அதன் பலன். காற்சட்டை தொப்புளுக்குச் சற்றுக் கீழேயேனும் நிற்கட்டும். காலின் விளிம்பில் வெளிமடிப்பு வேண்டாம். கோட்டும் காற்சட்டையும் ஒரே நிறமாயின் உடல் வெட்டுண்டதுபோல் தோன்றாது.

வயிறு முன்தள்ளிய உடலினர்: நம்மவரில் நடுவயதினர் பலர் இவ்வகையினர். இவர்கள் வயிற்றின் கீழே காற்சட்டையைக் கட்டி, ‘இன்னும் 34 அங்குலமே’ என்று மகிழ்வர். தொப்புளின் மட்டத்தில் அளந்தால் அது 38ஆக இருக்கும். கீழே கட்டிய காற்சட்டையின் கவடு தொங்கும், கால் குறுகும், நடக்க நடக்கத் துணி இறங்கும். இவர்களுக்கு உயர்ந்த கவட்டு உயரமும், இடுப்பின் முன் ஓரிரு மடிப்புகளும், இயலுமாயின் பெல்ற்றுக்குப் பதிலாகத் தோள்வாரும் பெரும் ஆறுதல் தருவன. வயிற்றைத் தாண்டிவரும் துணி முன்புறத்தை மேலே இழுக்குமாதலால், கோட்டின் நீளம் ஒருபோதும் குறைதலாகாது. கோட்டின் பின்பிளவு ஒன்றாக அன்றி இரண்டாக, பக்கத்துக்கு ஒன்றாக இருத்தல் சிறந்தது.

நெடிய, ஒல்லியான உடலினர்: ரெக்சாஸிலும் நியூ ஜேர்சியிலும் பிறந்து வளர்ந்து, தந்தையைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும் நம் பிள்ளைகள் பலர் இவ்வகையினர். தந்தையின் கோட் இவர்களுக்கு உதவாது. எல் என்னும் எழுத்துள்ள கோட்டையே எடுத்தல் வேண்டும். குறுகிய கோட் இவர்களைக் கொக்குப்போலக் காட்டும். காற்சட்டையின் கால் விளிம்பில் வெளிமடிப்பு இவர்களுக்கு அழகு தரும்.

மேலுடம்பு நீண்டு கால் குறுகியோர், கால் நீண்டு மேலுடம்பு குறுகியோர்: ஒரே உயரமுள்ள இருவர் இவ்வாறு வேறுபடலாம். முன்னவர் உயர்ந்த காற்சட்டையும் சற்றுக் குறைந்த கோட்டும் அணியக் கடவர். கால் நீண்டதுபோல் தோன்றும். பின்னவர் நடுத்தரமான கவட்டு உயரத்தையும், பாதிக் கணக்குக்குச் சற்றுக் கூடிய கோட்டையும் தேர்ந்தால் உடல் சமன்பெறும். இருக்கும்போது நெடியவராகவும் எழுந்தால் குட்டையாகவும் தோன்றுபவர் முதல் வகையினர் என்று இலகுவில் அறியலாம்.

முதுகு வளைந்த முதியோர்: கோட்டின் பின்புறம் மேலேறியும் முன்புறம் தாழ்ந்தும் தொங்கும். அளவு பெரிதாக்கினால் இது தீராது. பின்புற நீளமும் முன்புற நீளமும் வேறுவேறாக அமைய வேண்டும். இது தேர்ந்த தையற்காரர் செய்ய வேண்டிய வேலை. அவ்வாறு இயலாதவிடத்து, பொத்தான் பூட்டாது அணியக்கூடிய இலேசான கோட்டே பெரியவர்களுக்குச் சுகமானது.

மன்றில் நிற்கும் உடை

உடை ஒரு வழக்கைத் தீர்மானிக்குமா? புகலிடக் கோரிக்கையின் உயிர் வாக்குமூலத்திலும் ஆதாரத்திலும் இருக்கின்றது. கோட்டின் விலையில் அன்று. 2005ஆம் ஆண்டின் ‘றியல் ஐடி’ சட்டம், கோரிக்கையாளரின் நம்பகத்தன்மையை எடைபோடுகையில் அவரது நடத்தைப் பாங்கு, மனந்திறந்த தன்மை, பதிலளிக்கும் முறை முதலியவற்றையும் கருத்திற் கொள்ளலாம் என்கின்றது. அந்தப் பட்டியலில் உடை இல்லை. குடிவரவு நீதிமன்றங்களின் நடைமுறைக் கைந்நூல், மன்றுக்கு வருவோர் தகுந்த உடையில் வரவேண்டும் என்று மட்டுமே கூறுகின்றது. குடியுரிமைச் சத்தியப்பிரமாண விழாவுக்கான அழைப்போ, விழாவின் கண்ணியத்துக்கேற்ற உடை வேண்டுமென்றும் ஜீன்ஸ், அரைக்காற்சட்டை, செருப்பு ஆகியன வேண்டாமென்றும் சொல்கின்றது. வெள்ளை வேட்டியும் சால்வையும் அணிந்து செல்லும் பெரியவர் எவ்விதத்திலும் குறைந்தவர் அல்லர்.

எனினும், உடை பார்ப்பவரின் மனத்திற் பதிகின்றது என்பதை அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றமே ஒப்புக்கொண்டுள்ளது. ரெக்சாஸின் ஹூஸ்ரன் நகரில் சிறையுடையிலேயே ஜூரிகள் முன் நிறுத்தப்பட்ட ஒருவரின் வழக்கு, ‘எஸ்ரெல் எதிர் வில்லியம்ஸ்’ என்ற பெயரில் 1976இல் அம்மன்றுக்கு வந்தது. ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சிறையுடையில் ஜூரிகள் முன் நிறுத்துதல் நீதிக்கு மாறானது என்று நீதியரசர்கள் கூறினர். ஆனால் அம்மனிதர் சிறை அலுவலரிடம் தம் சொந்த உடையைக் கேட்டிருந்தபோதிலும், மன்றில் எவரும் ஆட்சேபிக்கவில்லை என்ற காரணத்தால் அவருக்கெதிரான தீர்ப்பு நிலைத்தது. குடிவரவு நீதிமன்றத்தில் ஜூரிகள் இல்லை. ஆதலால் இத்தீர்ப்பு நமக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் பார்வை பற்றிய அதன் கருத்து எவ்விடத்துக்கும் பொருந்தும்.

நமக்கு முக்கியமானது இன்னொன்று. நேர்காணல் இருந்தபடியே நடைபெறுவது; சில வேளைகளில் மணிக்கணக்காக நீள்வது. தாழ்ந்த காற்சட்டை அணிந்தவர் இருந்ததும், இடுப்புப்பட்டை வயிற்றை அழுத்தும். பின்புறத்தில் சேட் வெளியே வரும். தம் வாழ்வின் மிகக் கொடிய நாட்களைச் சொற்களிற் கோத்துச் சொல்லவேண்டிய வேளையில், அவர் கை அடிக்கடி இடுப்புக்குச் செல்லும், கவனம் சிதறும். பொருந்திய உடை அணிந்தவரோ அதனை மறந்துவிடுவார். உடை செய்யக்கூடிய பேருதவி அதுவே: தன்னை மறக்கச் செய்வது.

கோட் அணியாத ஊர் எனப் பெயர்பெற்றது சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பிரதேசம். அங்குள்ள கணினி நிறுவனங்களில் ரீ-சேட்டுடன் வேலைக்குச் செல்வது வழமை. அங்கும் ஒரு நாள் வருகின்றது. பேஸ்புக் நிறுவனத்தின் மார்க் சுக்கர்பேர்க் 2018 ஏப்பிரலிலும், தமிழ்நாட்டில் வளர்ந்தவரான கூகிள் தலைவர் சுந்தர் பிச்சை அவ்வாண்டு டிசெம்பரிலும் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சியமளிக்கச் சென்றபோது கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே சென்றனர். கேள்வி கேட்போர் முன் இருக்கும் வேளையில் உலகின் பெருஞ்செல்வரும் இவ்வுடையையே நாடுகின்றனர்.

பாவித்த உடுப்புக் கடையில்

புதிதாய் வந்தவர் புதுக் கோட் வாங்க வேண்டியதில்லை. ‘குட்வில்’ என்னும் அமைப்பு, 1902இல் பொஸ்ரன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மதகுருவினால், பாவித்த பொருட்களைச் சேகரித்து ஏழைகளைக் கொண்டே திருத்தி விற்பதற்காகத் தொடங்கப்பட்டது. அதன் கடைகளிலும் இரட்சணிய சேனையின் கடைகளிலும் நல்ல கம்பளிக் கோட்டுகள் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. ஹூஸ்ரனில் 1973இல் ஜோர்ஜ் சிம்மர் தொடங்கி, பின்னர் விரிகுடாப் பிரதேசத்தின் பிறீமொன்ற் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘மென்ஸ் வெயர்ஹவுஸ்’ நிறுவனம், வேலை தேடுவோருக்காக மக்களிடமிருந்து பாவித்த கோட்டுகளைச் சேகரிக்கும் இயக்கம் ஒன்றை 2008இல் ஆரம்பித்தது. தேவாலயங்களும் அகதிகள் உதவி நிலையங்களும் உடுப்பு வழங்குவதுண்டு. கேட்பதில் வெட்கமில்லை.

எதைப் பார்த்து எடுப்பது? முதலில் தோள், தோளின் தையல் நம் தோளோடு முடிய வேண்டும். அடுத்தது கோட்டின் நீளம். தையற்காரர் ஓரங்குலம் வரை குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் சட்டைப்பை கோட்டின் அடிவிளிம்பில் வந்து நிற்கும். நீளத்தைக் கூட்டத் துணி இராது. காற்சட்டையில் முதலில் கவட்டு உயரத்தைப் பாருங்கள். இடையை இரண்டு அங்குலம் வரை கூட்டலாம், குறைக்கலாம், காலை வெட்டலாம். தாழ்ந்த காற்சட்டையை உயர்த்த எந்தத் தையற்காரராலும் இயலாது. வீட்டிலே சுகமாக உள்ள ஒரு காற்சட்டையை மேசையில் விரித்து, கவட்டுத் தையலிலிருந்து மேல்விளிம்பு வரை முன்புறமாக அளந்து, அவ்வெண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

எடுத்தபின் கடையிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். நேராக நின்று பொத்தானைப் பூட்டுங்கள். கீழே சேட் தெரிகின்றதா என்று பாருங்கள். கதிரையில் இருந்து, பொத்தானைக் கழற்றி, ஐந்து நிமிடம் எழாது இருங்கள். இடுப்பு இறுகுகின்றதா, சேட் வெளிவருகின்றதா என்று கவனியுங்கள். பின் எழுந்து, வலக்கையை உயர்த்துங்கள். கோட் முழுவதும் தோளோடு மேலேறி, இடுப்பு வெளித்தெரிகின்றதா? அவ்வாறாயின் அக்கோட்டைத் திரும்பவும் கம்பியிற் கொழுவிவிடுங்கள். ஏனெனில் இந்நாட்டில் உண்மை உரைப்பதாகச் சத்தியம் செய்வதும், குடிமகனாவதும் வலக்கையை உயர்த்தியே.

நியூயோர்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு வழியாக 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் குடியேறிகள் இந்நாட்டினுட் புகுந்தனர். அத்தீவின் பெரும்பகுதி நியூ ஜேர்சிக்கே உரியது என அதியுயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. அங்கே எடுக்கப்பட்ட பழைய படங்களில், தம் ஊர் உடையில் நிற்பவரையும், பொருந்தாத கோட்டிற் கூசி நிற்பவரையும் காணலாம். அவர்களின் பிள்ளைகளே பின்னர் அமெரிக்காவின் தையற்கடைகளையும் உடைத் தொழிற்சாலைகளையும் நிறைத்தனர். பொருந்தாத உடை எவருக்கும் நிரந்தரமன்று.

ஆகவே அன்பர்களே, நேர்காணலுக்கோ விழாவுக்கோ நாள் குறிக்கப்பட்டதும், கடைக்கு ஓடுமுன் ஓர் அளவு நாடாவை எடுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் உங்கள் கழுத்திலிருந்து நிலம் வரை அளக்கட்டும். பின் தொப்புள் மட்டத்தில் இடையை அளக்கட்டும். அந்த இரண்டு எண்களையும் சுகமான காற்சட்டையின் கவட்டு உயரத்தையும் ஒரு துண்டிலே எழுதி, மார்பளவுக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் முடிவு நம் கையில் இல்லை. அன்று நம் உடலிற் பொருந்தி நிற்கும் கோட்டும் காற்சட்டையுமேனும் நம் கையில் இருக்கட்டும்.